கடனும் காவலும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்து சென்ற வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ, 'மஅபர்' என்று அரபியர் அழைத்த இந்நாட்டில் தாம் கண்ட ஒரு வழக்கத்தை வியப்போடு கூறியிருக்கிறார். கடன் வாங்கியவன், பலமுறை கேட்ட பின்னும் இன்று நாளை என்று தவணை சொல்லிக் காலத்தைக் கடத்தி வந்தால், கடன் கொடுத்தவன் அவனைக் கண்ட இடத்திலேயே அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். கடனைத் தீர்த்தோ, தக்க பிணை கொடுத்தோ அல்லாமல் அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. நாட்டின் மன்னரே வெளிநாட்டு வணிகர் ஒருவருக்குத் தர வேண்டிய தொகையைத் தள்ளிப் போட்டு வந்தபோது, குதிரை மீது சென்ற மன்னரைச் சுற்றி அவ்வணிகர் வட்டம் கீறியதையும், கடன் தீரும் வரை மன்னர் அவ்விடத்தை விட்டு நகராமல் நின்றதையும் தாம் நேரில் பார்த்ததாகவே போலோ சொல்கிறார்.

ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு மரக்கலங்கள் வந்து தங்கிய காயல் துறைமுகத்தையும் அவர் அதே நூலில் வருணித்திருக்கிறார். நம் முன்னோர் வாணிபம் செய்த துறை அது. அங்கிருந்து வடமேற்கே ஒரு நாள் பயணத்தில் கோவில்பட்டிக் கரிசல் வந்துவிடும்.

மன்னரைப் பற்றிய செய்தி நீதிக்கு அழகுதான். ஆனால் அதனுள்ளே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மன்னரிடம் பொருள் இருந்தது. கொடுக்க மனம்தான் தாமதித்தது. ஆகவே வட்டம் வேலை செய்தது. கொடுக்க மனமிருந்து கையில் காசு இல்லாத ஓர் உழவனைச் சுற்றி அதே வட்டத்தைக் கீறினால் என்ன நடக்கும்? அவன் வெயிலில் நின்று சாவான், கடன் தீராது. இல்லாதவன் வேறு, வைத்துக்கொண்டே இல்லை என்பவன் வேறு. இவ்விருவரையும் பிரித்தறிய அந்தக் கோட்டுக்குக் கண் கிடையாது. அந்தக் கண்ணைச் சட்டத்துக்குக் கொடுப்பதற்கு மனித சமுதாயம் எத்தனை நூற்றாண்டுகள் பாடுபட்டது, கொடுத்த பின்னும் எப்படி அது மறைக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கரிசலின் கடன் கணக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் பூமி. மானாவாரி நிலம். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் கலப்பையைப் பற்றிக்கொண்டு விடாது. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, மாசி பங்குனியில் பருத்தி எடுக்கும் வாழ்வு அங்கே. விதைக்கும் காலத்தில் வீட்டில் தானியமும் இராது, காசும் இராது. ஆகவே விதைப்புக்கு முன் கடன், பருத்தி வெடித்த பின் அடைப்பு என்பது அந்த மண்ணின் முறையாயிற்று. மழை ஒரு பருவம் பொய்த்தால் வட்டி அசலோடு சேரும். இரண்டு பருவம் பொய்த்தால் நிலம் ஒத்திக்குப் போகும்.

இந்தப் பழைய முறையில் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. முதலாவது சட்டத்தால் வந்தது. வட்டிக்கு இருந்த உச்ச வரம்புகளை 1855ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியது. ஒப்புக்கொண்ட வட்டி எதுவாயினும் நீதிமன்றம் அதை வசூலித்துக் கொடுக்கும் என்றாயிற்று. இரண்டாவது சந்தையால் வந்தது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குப் போவது தடைப்படவே, திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏறியது. போர் முடிந்ததும் விலை இறங்கியது. ஏறிய விலையை நம்பி வாங்கிய கடன் மட்டும் இறங்கவில்லை. மூன்றாவது வானத்தால் வந்தது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட 1876ஆம் ஆண்டிலேயே, மூன்றாண்டு நீடித்த தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது.

இதே காலத்தில் தக்காணத்திலும் பருத்தி விலை வீழ்ச்சியால் கடனில் மூழ்கிய உழவர்கள், 1875ஆம் ஆண்டு பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடியது பணத்தையோ நகையையோ அன்று, கடன் பத்திரங்களை. அவற்றைப் பறித்துத் தீயிட்டார்கள். தாங்கள் படித்தறிய முடியாத ஒரு காகிதம் தங்களை ஆள்கிறது என்பதை அந்த எழுத்தறியா மக்கள் உணர்ந்திருந்தார்கள். 1879ஆம் ஆண்டில் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது.

பத்திரம் நீதிமன்றம் ஏறினால் ஜப்தி வரும். ஜப்தியில் அடங்காவிட்டால் கைது வரும். ஜமீன்களுக்கு வெளியே அரசுத் தீர்வை செலுத்திய நிலங்களில் தீர்வைப் பாக்கிக்கும் இதே கதிதான். 1864ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டம் பாக்கிதாரரின் பொருளை எடுக்கவும், சில நிலைகளில் அவரைச் சிறையிலிடவும் அதிகாரம் அளித்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்து 2021ஆம் ஆண்டு மறைந்த கி. ராஜநாராயணன், தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போன கொடுமையைக் 'கதவு' என்னும் சிறுகதையில் எழுதினார். ஒரு வீட்டில் எடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதபோதுதான் கதவை எடுப்பார்கள் என்பதைக் கரிசல் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

உரிமையியல் சிறை என்ற ஒன்று அன்று இருந்தது. இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. அடைக்கப்பட்டவருக்கு உணவுக்கான படியைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். படி நின்றால் சிறைக்கதவு திறக்கும். விடுதலையாகி வந்த பின்னும் கடன் தீராது. ஆயினும் அதே தீர்ப்புக்காக மறுபடி கைது செய்ய முடியாது. பணம் படைத்தவன் படி கட்டிப் பணம் இல்லாதவனைப் பட்டியில் அடைப்பதால் எவருக்கு என்ன லாபம் என்று நம் ஊர்ப் பாமரனும் கேட்பான்.

நூலோர் வகுத்த எல்லை

இந்தக் கேள்வியை மார்க்கச் சட்ட அறிஞர்கள் மிக முன்பே எழுப்பி விடை கண்டிருக்கிறார்கள். திருக்குர்ஆன் ஸூரத்துல் பகராவின் 280ஆம் வசனம், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுக்கும்படி பணித்து, விட்டுக்கொடுப்பது இன்னும் மேலானது என்று அறிவிக்கிறது. மறுபுறம், வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பதை அநீதி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்து வைத்தே நம் ஃபிக்ஹு நூல்கள் சட்டம் வகுத்தன.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் மர்கீனானி இயற்றிய, ஹனஃபி மத்ஹபின் பெருநூலாகிய ஹிதாயா, கடனாளியைக் காவலில் வைப்பதைத் தண்டனையாகக் காணவில்லை. அது ஒரு சோதனை. மறைத்து வைத்திருக்கும் பொருள் வெளிப்படுகிறதா என்று பார்க்க இரண்டு மூன்று மாதங்கள் காவல். அதன்பின் காழி விசாரிப்பார். பொருள் இல்லை என்று தெரிந்தால் விட்டுவிடுவார். யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பதிலும் அந்நூல் நுட்பம் காட்டுகிறது. பொருளோ ரொக்கமோ கைக்கு வந்ததற்கு ஈடான கடன் என்றால், 'என்னிடம் இல்லை' என்ற வெறும் சொல் போதாது; பிற சில வகைக் கடன்களில் அவன் சொல் ஏற்கப்படும். இல்லாமை தெளிவாகிவிட்டால் காவல் கூடாது என்பதே ஷாஃபிஈ அறிஞர்களின் தீர்ப்புமாகும்.

இன்னொரு நிகழ்ச்சியை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். கஅப் இப்னு மாலிக் (ரலி) தமக்கு வர வேண்டிய கடனைப் பள்ளிவாசலில் வைத்து இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. பெருமானார் (ஸல்) தம் வீட்டின் திரையை விலக்கிக் கஅபை அழைத்து, பாதியைத் தள்ளிவிடும்படி கையால் சாடை காட்டினார்கள். கஅப் உடனே இசைந்தார். அதன்பின் மற்றவரை நோக்கி, எழுந்து மீதியைக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். ஒருவருக்குத் தள்ளுபடி, மற்றவருக்குக் கடமை. இரண்டும் ஒரே நேரத்தில்.

நாடு கண்ட திருத்தங்கள்

நம் நாட்டுச் சட்டம் இந்த எல்லைக்கு மெதுவாகவே வந்து சேர்ந்தது. 1888ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டம், பணக் கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்வதை நீக்கியது. 1936ஆம் ஆண்டின் திருத்தம் இன்னும் ஆழமானது. கடனாளி ஓடிவிடப் பார்க்கிறார், நேர்மையின்றிச் சொத்தை மாற்றியிருக்கிறார், அல்லது கொடுக்க வசதி இருந்தும் மறுக்கிறார் என்பன போன்ற காரணங்களை நீதிமன்றம் எழுத்தில் பதிவு செய்தாலன்றிச் சிறையிலிட முடியாது என்று அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவில் வரம்பு கட்டியது. பொழுது சாய்ந்த பின்னும் விடியும் முன்னும் கைதுக்காக வீட்டினுள் நுழையக் கூடாது, உழவனின் ஏர், மாடு, விதைத் தானியம், தொழிலாளியின் கருவி, சமையல் பாத்திரம் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்ற காப்புகளும் அச்சட்டத்தில் உண்டு.

சென்னை மாகாணத்து உழவர்களின் கடன் சுமையை 1930இல் வங்கி விசாரணைக் குழு 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் தானிய விலை சரிந்து, அந்தச் சுமை மேலும் ஏறியது. 1937இல் பதவியேற்ற இராஜாஜியின் அமைச்சரவை, மறு ஆண்டே சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்றிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கொடுத்திருந்தால் கடனே தீர்ந்தது. புதுக் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு ஆறேகால், அதாவது ரூபாய்க்கு மாதம் ஒரு பைசை. வட்டி அசலை மீறி வளரக் கூடாது என்ற இந்து தர்மசாஸ்திரத்தின் பழைய விதியே அதன் ஒரு பகுதியில் மறுபிறவி எடுத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் தொடங்கி 1980 வரை, ஏழைக் கடனாளிகளுக்கான நிவாரணச் சட்டங்கள் தமிழகத்தில் தொடர்ந்து வந்தன.

1980 பிப்ரவரி 4ஆம் நாள், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ், பாங்க் ஆஃப் கொச்சின் ஆகியோருக்கிடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை ஒன்றுக்காகவே எவரையும் சிறையிலிடலாகாது என்று கூறும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்திருந்தது. அதையும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியல் சட்டத்தின் 21ஆம் விதியையும் எடுத்துக்காட்டிய நீதிமன்றம், முன்பு எப்போதோ வசதி இருந்தது என்பது போதாது, இப்போது வசதி இருந்தும் தீய நோக்கோடு கொடுக்க மறுக்கிறார் என்பது வெளிப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இல்லாதவன் வேறு, இல்லை என்பவன் வேறு என்ற வேறுபாட்டை நாட்டின் உச்ச நீதிமன்றமே கோடிட்டுக் காட்டிவிட்டது.

காரைக்கால் வழியாக ஓர் ஒப்பீடு

இங்கே நம் கண் பிரான்சு நாட்டின் மீது செல்வது இயல்பு. நம் மக்களில் ஒரு பகுதியினர் அந்நாட்டுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள். 1819 ஜனவரி 6ஆம் நாளின் ஆணை, புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்களுக்குப் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளைக் கொண்டு வந்தது. இந்தியர்கள் தத்தம் வழக்கங்களின்படி தீர்ப்புப் பெறும் உரிமையையும் காத்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. 1963இல் இந்தியக் குற்றச் சட்டங்கள் அங்கே நடைமுறைக்கு வந்தன. அதன்பின் கடன் பற்றிப் பிரான்சில் நடந்த மாறுதல்களைக் காரைக்கால் காண வாய்க்கவில்லை. நாமாவது கண்டு தெரிந்துகொள்வோம்.

நெப்போலியன் காலத்தில், 1807 செப்டம்பர் 3ஆம் நாள், உரிமையியல் கடனுக்கு நூற்றுக்கு ஐந்து, வணிகக் கடனுக்கு ஆறு என்று பிரான்சு வட்டிக்கு வரம்பு கட்டியது. இன்று அங்கே எண் மாறிக்கொண்டிருக்கும்; முறை நிலையானது. அந்தந்த வகைக் கடனுக்குச் சந்தையில் உள்ள சராசரி வட்டியை மத்திய வங்கி கணக்கிட்டு வெளியிடுகிறது. அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகப் போனால் அது குற்றம்.

கடனுக்காக உடலைப் பிடிக்கும் முறையை உரிமையியல், வணிக வழக்குகளில் பிரான்சு 1867 ஜூலை 22ஆம் நாள் ஒழித்தது. குற்ற வழக்கில் விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்டாதவர்களுக்கு மட்டும் அதன் ஒரு வடிவம் எஞ்சியிருக்கிறது. அங்கும், தம்மிடம் பொருள் இல்லை என்பதை எவ்வகையிலேனும் காட்டிவிட்டவர்மீதும், வயது 65 ஆனவர்மீதும் அது செல்லாது என்று அந்நாட்டுக் குற்ற நடைமுறைச் சட்டம் கூறுகிறது. அரசுக்குரிய அபராதத்திலேயே இல்லாமைக்கு இடமளித்துவிட்டார்கள்.

அடுத்தது 1978 ஜனவரி 10ஆம் நாளின் நுகர்வோர் கடன் சட்டம். கிறிஸ்தியான் ஸ்கிரிவெனர் என்ற பெண் அமைச்சரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கடன் கொடுப்பவர் தொகை, வட்டி, தவணை யாவற்றையும் எழுதி முதலில் கொடுக்க வேண்டும். கையெழுத்திட்ட பின்னும் ஏழு நாட்களுக்குள் கடன் வாங்கியவர் மனம் மாறி விலகிக்கொள்ளலாம். 2010ஆம் ஆண்டின் சட்டம் இதனைப் பதினான்கு நாட்களாக்கியது. எழுத வேண்டியதை எழுதாமல் கடன் கொடுத்தவர் வட்டி பெறும் உரிமையையே இழப்பார். ஆசையும் அவசரமும் தணிவதற்குச் சட்டமே அவகாசம் கொடுக்கிறது.

1989 டிசம்பர் 31ஆம் நாளின் சட்டம், தாங்க முடியாத கடனில் சிக்கிய குடும்பங்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழுவை ஏற்படுத்தியது. நல்லெண்ணமுள்ள கடனாளி அங்கே விண்ணப்பிப்பார். குழு கடன்காரர்களை அழைத்துத் தவணையும் தள்ளுபடியும் பேசி முடிக்கும். மீள வழியே இல்லாதவரின் கடனைத் துடைத்துவிடும் ஏற்பாடு 2003இல் சேர்ந்தது. பள்ளிவாசலில் திரையை விலக்கிக் காட்டப்பட்ட அந்தச் சாடையின் நினைவு எனக்கு இங்கே வருகிறது.

கடைசியாக, 1991 டிசம்பர் 30ஆம் நாள், கணக்கில் பணம் இல்லாமல் காசோலை கொடுப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்தே பிரான்சு எடுத்துவிட்டது. அத்தகையவர் பாக்கியைத் தீர்க்கும் வரை, அதிகபட்சம் ஐந்தாண்டு, எந்த வங்கியிலும் காசோலை எழுத முடியாது. பெறுபவரைக் கெடுக்கும் எண்ணத்தோடு பணத்தை முன்கூட்டியே எடுத்துவிடுவது போன்ற வஞ்சகம் மட்டும் குற்றமாகவே நிற்கிறது. இல்லாமைக்கு வங்கியின் கதவை மூடினார்கள். வஞ்சகத்துக்குச் சிறையின் கதவைத் திறந்து வைத்தார்கள்.

காசோலை என்னும் பின்வாசல்

பிரான்சு இவ்வழியில் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நாம் எதிர்த்திசையில் நடந்தோம். 1989 ஏப்ரல் 1 முதல், கணக்கில் பணமின்றித் திரும்பும் காசோலையை மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு குற்றமாக்கியது. தொடக்கத்தில் ஓராண்டாக இருந்த சிறைத் தண்டனை, 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் இரண்டாண்டு வரை ஆனது. அபராதம் காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை விதிக்கலாம். காசோலை கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலிலேயே அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எழுதியவருடையது.

இச்சட்டத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. சரக்கைப் பெற்றுக்கொண்டு வெறும் தாளைக் கொடுத்தவனால் நொடித்துப்போன வணிகர்கள் நம் கடைத்தெருக்களிலேயே உண்டு. வணிகச் சமுதாயமாகிய நமக்கு வாக்கின் மதிப்புத் தெரியும். ஆனால் வணிகர்களுக்கிடையே நாணயம் காக்க எழுந்த சட்டம், வாரத் தவணைக்கு ஆயிரம் இரண்டாயிரம் கட்டும் குடிசைக்குள்ளும் நுழைந்துவிட்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் முன்வாசலில் நிறுத்திய காவலன், 1989இல் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓதும் ஒரு பிள்ளையின் தாய், முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு தாளை நீட்டி, "ஹஜரத், இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். தாள் நீதிமன்ற அழைப்பாணை. மகளின் திருமணத்துக்குத் தனியார் ஒருவரிடம் முப்பதாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். ஈடாகக் கொடுத்தவை இரண்டு வெற்றுக் காசோலைகள். கையெழுத்து மட்டும் அவருடையது. தவணை தவறியபோது ஒன்றில் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று எழுதப்பட்டு, வங்கியில் போடப்பட்டுத் திரும்பியிருந்தது. அதற்கு முன் வந்த வக்கீல் நோட்டீசை ஏதோ விளம்பரம் என்று நினைத்து மாடத்தில் செருகி வைத்திருந்தார். "நான் அந்தத் தொகையே எழுதலையே ஹஜரத்!" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 'ஏன் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள்' என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். இத்தனை ஆண்டு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நான், அந்தத் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்ற எண்ணம் என்னைத் தடுத்தது.

பெண்கள் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகிறது. அதன்படி அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தார். ஓராண்டுக்கு மேல் வாய்தாவுக்கு நடந்து, கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாயிற்று. அந்த வாய்தா நாட்களில் இழந்த கூலியை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

தாம் மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையைப் பெற்றவர் பூர்த்தி செய்தாலும் சட்டத்தின் அனுமானம் அப்படியே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நம் குடும்பங்கள் சில செய்திகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். காசோலை திரும்பியதை வங்கி அறிவித்த முப்பது நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த பதினைந்து நாட்களுக்குள் தொகையைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. தொகை பொய்யானால் அந்தப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் மறுப்பு அனுப்புவது பின்னால் பெருந்துணையாகும். அந்தத் தாளை மாடத்தில் செருகக் கூடாது.

நீதிமன்றத்துக்கு வெளியே நிற்கும் காவல் இதனினும் கொடியது. தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஏழைகள் வாயில் வழங்கிய பெயர்களையே எடுத்துப் போட்டு, 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு அதீத வட்டித் தடைச் சட்டத்தை இயற்றியது. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. ஆயினும் 2017 அக்டோபர் 23ஆம் நாள், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், இரண்டு பச்சிளம் குழந்தைகளுடன் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதை நாம் கண்டோம். நீதி கேட்டு மனுவோடு வந்து போகும் அதே வாசலில் அது நடந்தது. கடன் நிறுவனங்கள் வன்முறையால் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. குழுக் கடன் தவணைக்காகக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வற்புறுத்தக் கூடாது, குடும்பத்தின் மாதத் தவணைகள் அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. சட்டம் இல்லாமல் நாம் அழியவில்லை. சட்டம் தெரியாமல் அழிகிறோம்.

யார் சொல்ல, யார் எழுதுவது?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாவில் சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அது கடன் வசனம், பகராவின் 282. தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பது பற்றியது. பெரிதாயினும் சிறிதாயினும் தவணையோடு எழுதுங்கள், எழுத்தர் நீதியாக எழுதட்டும், சாட்சிகள் இருக்கட்டும் என்று அது விரித்துச் சொல்கிறது. இவற்றுள் பலரும் ஓதிக் கடந்துபோகும் ஒரு நுட்பம் உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுப்பவர் அல்லர். எவர் மீது பொறுப்பு ஏறுகிறதோ அவர், அதாவது கடன் வாங்குபவர். அவர் சொல்லத் தெரியாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும்.

வெற்றுக் காசோலையும், எழுதாத பிராமிசரி நோட்டில் வைக்கும் கைநாட்டும், கைப்பேசிச் செயலியில் படிக்காமல் தட்டும் 'சம்மதம்' என்ற பொத்தானும் இவ்வசனத்தை அப்படியே தலைகீழாக்குகின்றன. சுமப்பவன் மௌனமாயிருக்க, சுமத்துபவன் தன் விருப்பப்படி எழுதிக்கொள்கிறான். 1875இல் தக்காணத்து உழவர்கள் எரித்ததும், 1978இல் பிரெஞ்சு நாடு தடுத்ததும் இந்த அநீதியைத்தான்.

கடன் வாங்கியவரின் உடல் மீது கை வைப்பதற்கு முன் எந்த நீதியும் இரண்டைக் கேட்டாக வேண்டும். எழுதியது அவருக்குத் தெரிந்து எழுதியதா? அவர் இல்லாதவரா, இல்லை என்பவரா? இவ்விரண்டையும் கேட்கும் சட்டம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நாம் அதை அந்நியமாகக் கருத வேண்டியதில்லை.

சட்டமன்றமும் நீதிமன்றமும் தங்கள் கடமையைச் செய்யட்டும். நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம், கடன் பத்திரம் கொண்டுவருபவர்களுக்குப் படித்துச் சொல்ல ஒருவர் உட்கார்ந்தால் போதும். நான் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறேன். முதல் வாரம் வந்தவர் ஒருவர். அவரும் கையெழுத்திட்ட பிறகே வந்திருந்தார். இப்போது கையெழுத்திடுவதற்கு முன்பே சிலர் வருகிறார்கள்.